தாராவியில் ஆடி மாதம் தோல் காயவைப்பது

புதிதாக உரித்த வெள்ளாட்டுத் தோலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். நடுத்தர அளவுத் தோல் என்றால் ஒரு லிட்டர் தேறும். இப்போது அறைக் கணக்குக்கு வாருங்கள். தாராவியில் பத்துக்குப் பத்து கோலி (ஒற்றை அறை), பத்தடி உயரம் என்று வைத்துக்கொண்டால் உள்ளே சுமார் 28 கன மீட்டர் காற்று இருக்கும். 28 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய நீராவி அதிகபட்சம் 27 கிராம். அந்த அறைக் காற்று துளி ஈரம் இல்லாமல் கிடந்தாலும், ஒரே ஒரு தோலின் தண்ணீரை அதனால் முழுதாக வாங்கிக்கொள்ள முடியாது. முக்கால் லிட்டரிலேயே நிரம்பிவிடும்.

ஜூலையில் மும்பைக் காற்று வறண்டா இருக்கிறது? சன்னலில் நுழையும்போதே 85, 90 சதவீதம் நிறைந்துதான் வருகிறது. மிச்சம் இருக்கும் இடம் கன மீட்டருக்கு மூன்று நான்கு கிராம், மொத்த அறைக்கும் நூறு கிராம் சொச்சம். அதற்குள் இருபது தோலை மாட்டி, மின்விசிறியைச் சுழலவிட்டு, மழைச் சாரல் அடிக்கிறதே என்று கதவையும் சாத்திவிட்டுப் போனால் என்ன ஆகும்? இருபது லிட்டர் தண்ணீர் போக இடம் இல்லாமல் தோலிலேயே நிற்கும். இரண்டாம் நாள் காலையில் அடிவயிற்றுப் பக்கம் அழுக ஆரம்பித்து, லேசாக இழுத்தாலே முடி கையோடு வரும்.

"மழையில் தோல் காயாது" என்று எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வார்கள். ஜூன் இரண்டாம் வாரத்திலிருந்து அக்டோபர் முதல் வாரம்வரை, அதாவது வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு, இதைச் சொல்லிக்கொண்டே கைகட்டி உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. நான் இதை ஒப்புக்கொள்வதில்லை. மழையிலும் தோல் காயும். தோலிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு கிராம் தண்ணீரும் அறையைவிட்டு எப்படி வெளியே போகும் என்று முதலில் யோசித்துவிட்டு, அப்புறம் தோலை மாட்ட வேண்டும். என் பெரியப்பா இதை ஒரே வரியில் சொல்வார்: "காத்து போவ வழிய பண்ணுட்டி, தோலு தானா காயும்." ஈரப்பதம் பற்றி நான் பின்னால் படித்ததெல்லாம் அந்த வரிக்கு விளக்கம் மாதிரிதான் இருந்தது.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் தோல் வேலை பார்த்தவர்களின் வழியில் வந்த குடும்பம் எங்களுடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே தமிழர்கள் இங்கே தோல் பதனிட ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது அறுப்புக்கூடம் பாந்த்ராவில், மாஹிம் கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. தோல் கிடைக்கும், தண்ணீர் கிடைக்கும், ஊருக்கு ஒதுக்குப்புறம். அதனால் இங்கே அமர்ந்தார்கள். 1971இல் அறுப்புக்கூடம் தேவ்னாருக்குப் போனது. பதனிடும் ஷாப்புகளும் பெரும்பாலும் ஊருக்கு வெளியே போய்விட்டன. இப்போது உப்பிடும் குடோன்கள், பை, பெல்ட் தைக்கும் பட்டறைகள், சயானிலிருந்து பாந்த்ரா போகும் சாலையில் கடைகள் என்று தொழில் உருமாறி நிற்கிறது. நாங்கள் செய்வது சிறிய வேலை. டோல்கி, டோலக் மேளங்கள் கட்டுகிறவர்களுக்கு முடி நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைத்த பச்சைத்தோல். கேட்பவர்களுக்கு மட்டும் ரோமத்தோடு காயவைத்த ஆட்டுத்தோல்.

தாத்தா ஊரிலிருந்து கொண்டுவந்த வழக்கம் எளிமையானது. தோலைக் கொளுத்தும் வெயிலில் போடாதே, வேப்ப மர நிழலில் கட்டு, மற்றதைக் காற்று பார்த்துக்கொள்ளும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்ன சனங்கள், காற்றை நம்பாமல் வேறு எதை நம்புவார்கள்? தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாக இந்தப் பக்கம் இறங்கும். குற்றாலத்தில் சாரல் அடிக்கும். கிழக்கே போகப் போகக் காற்று மட்டும்தான். இறங்க இறங்க அது சூடாகும், சூடாக ஆக அதன் ஒப்பு ஈரப்பதம், அதாவது தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு நிறைந்திருக்கிறது என்ற கணக்கு, குறையும். ஆனியிலும் ஆடியிலும் நெல்லைச் சமவெளியில் அடிக்கிற அந்த வறண்ட காற்று தோல்காரனுக்கு வரம். அதே பருவக்காற்று, அதே ஆடி மாதம், மும்பையில் அரபிக்கடலின் ஈரத்தோடு மலை ஏறும் முன்பே நம் மேல் வந்து விழுகிறது. தாத்தாவின் வழக்கம் தப்பில்லை. அதற்குத் துணை நின்ற காற்று இங்கே வேறு குணத்தோடு வருகிறது.

இதை எனக்கு இன்னும் நன்றாகப் புரியவைத்தவை, உலகத்தின் மறுகோடியில் கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் இருக்கும் ஃபர் ஷெட்டுகள். அங்கே பீவர், மஸ்க்ராட், ரக்கூன், நரி ஆகியவற்றின் தோலை ரோமத்தோடு பலகைகளில் இழுத்து மாட்டிக் காயவைக்கிறார்கள். (நம் நாட்டில் 1972 சட்டத்தின்படி வனவிலங்குத் தோலைத் தொடவே கூடாது, அது அப்படியே இருக்கட்டும். நான் பேசுவது உலர்த்தும் முறையைப் பற்றி மட்டும்.) அவர்கள் வைத்துக்கொள்ளும் அளவு 15 முதல் 20 டிகிரி வெப்பம், 50 முதல் 60 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதம், மெதுவாக நகரும் காற்று. நரித்தோலை முதலில் தோல்பக்கம் வெளியே தெரியும்படி மாட்டி, அது ஓரளவு இறுகியதும் கழற்றி, ரோமம் வெளியே வரும்படி திருப்பி மாட்டுவார்கள். கொஞ்சம் தாமதித்தால் தோல் விறைத்துத் திரும்பாது. அவசரப்பட்டால் உள்ளே ஈரம் அடைபட்டு முடி கழலும். அந்த நேரத்தைக் கையால் தொட்டுத்தான் சொல்ல முடியும்.

அவர்களுடைய சிக்கல் நமக்கு நேர் எதிர். வெளியே மைனஸ் 10 டிகிரி. அந்தக் குளிரில் ஒரு கன மீட்டர் காற்று இரண்டரை கிராம் நீராவியைக்கூடத் தாங்காது. அதை உள்ளே கொண்டுவந்து விறகடுப்பால் 18 டிகிரிக்குச் சூடாக்கினால், அங்கே 15 கிராம் கொள்ளும் இடத்தில் இரண்டு கிராம்தான் இருக்கும். ஈரப்பதம் 15 சதவீதம். தோல் ஒரே ராத்திரியில் முறுகிவிடும். காது ஓரமும் கால் ஓரமும் சுருண்டு ஒடியும். கொழுப்பைச் சரியாகச் சுரண்டாமல் விட்டிருந்தால், சூட்டில் அது உருகித் தோலுக்குள் இறங்கி அந்த இடத்தையே கெடுத்துவிடும். அதனால் அவர்கள் அடுப்புப் பக்கத்தில் வாளித் தண்ணீர் வைத்து ஈரம் சேர்க்கிறார்கள். நாம் இங்கே ஈரத்தை வெளியேற்ற மெஷின் வாங்குகிறோம். இரண்டு பேரும் போய்ச் சேர நினைப்பது அதே 55, 60 சதவீதம்தான்.

அந்த எண்ணுக்குக் காரணம் தோலுக்குள்ளேயே இருக்கிறது. தோல் என்பது கொலாஜன் என்ற புரத நார்களின் பின்னல். சுற்றியுள்ள காற்று எவ்வளவு ஈரமோ அதற்குத் தக்கபடி தண்ணீரை வைத்துக்கொள்ளும், அல்லது விட்டுவிடும். 55, 60 சதவீதக் காற்றில் அது தன் எடையில் சுமார் 15 சதவீத ஈரத்தோடு வந்து நிற்கும். அந்த நிலையில் பாக்டீரியா வேலை செய்யாது, பூஞ்சணம் பிடிக்காது, தோலும் ஒடியாது. 70 சதவீதத்தைத் தாண்டிய காற்றில் நாள்கணக்கில் கிடந்தால் பூஞ்சணம் எட்டிப் பார்க்கும். 30 சதவீதத்துக்குக் கீழே போனால் விளிம்பு வெடிக்க ஆரம்பிக்கும். நடுவில் இருக்கும் அந்தச் சின்ன இடத்தில்தான் நம் பிழைப்பு நடக்கிறது.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. தேவ்னாரிலிருந்து வரும் தோலில் சதைப்பக்கம் உப்பு தேய்த்து அடுக்குவதுதான் முதல் வேலை. உப்பு தோலிலிருந்து தண்ணீரை இழுத்து வெளியே விடும். உப்பு ஏறிய தோலில் சாதாரண பாக்டீரியா பெருகாது. ஆனால் சாப்பாட்டு உப்புக்கு ஒரு எல்லை உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், உப்பு தானே காற்றிலிருந்து தண்ணீரை வாங்கிக் கரைய ஆரம்பிக்கும். சமையலறை உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவதைப் பார்க்காத மும்பை வீடு இல்லை. குடோனிலும் அதே கதை. மே மாதம் கலகலவென்று இருந்த உப்புத்தோல் அடுக்கு ஜூலையில் சொட்டும், தரை பிசுபிசுக்கும். அப்படியே கிடந்தால் உப்பிலேயே வாழப் பழகிய பாக்டீரியா வந்து தோலில் செம்பு நிறத் திட்டுகளைப் போடும். தொழிலில் இருப்பவர்கள் அந்தச் சிவப்பைப் பார்த்ததுமே அடுக்கைப் பிரித்துப் புது உப்புப் போடுவார்கள்.

இதனால் இரண்டு விஷயங்களைச் சொல்லிக்கொள்கிறேன். டோல்கித் தோலுக்கு ஊறப்போடும்போது உப்பு முழுதாகப் போகும்வரை தண்ணீர் மாற்ற வேண்டும். பாதி உப்போடு காய்ந்த தோல், சுற்றியுள்ள காற்று 75 சதவீதத்தைத் தொட்டதும் மறுபடி நமத்துப்போகும். கட்டிய வாத்தியம் சுருதி இறங்கிப்போகும். வாசிப்பவர் நம்மைத்தான் திட்டுவார்.

இன்னொன்று ஹைக்ரோமீட்டர், காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் கருவி. சந்தையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கருவிகளில் பல, ஐந்து பத்து சதவீதம் தப்பாகக் காட்டுகின்றன. அதைச் சரிபார்க்கவும் இதே உப்புதான். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, ஈரமண் பதத்துக்கு வருமளவு சில துளி தண்ணீர் விட வேண்டும். கரைந்து நீராகிவிடக் கூடாது. அந்த மூடியையும் கருவியையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து ஒரு ராத்திரி மூடிவையுங்கள். காலையில் கருவி 75 காட்ட வேண்டும். 69 காட்டினால் அந்தக் கருவிக்கு ஆறு கூட்டிப் படிக்கப் பழகிக்கொள்ளலாம். கருவியே வேண்டாம் என்பவர்கள் இரண்டு சாதாரண தெர்மாமீட்டரை அருகருகே தொங்கவிட்டு, ஒன்றின் குமிழில் ஈரமான மல்துணியைச் சுற்றி, காற்றுப் படும்படி வைக்கலாம். 28 டிகிரி அறையில் ஈரத்துணிக்காரர் 22 காட்டினால் ஈரப்பதம் 60 சதவீதம், நல்ல அறை. 26ஐத் தாண்டிக் காட்டினால் தோலை மாட்டாதீர்கள்.

அந்த ஈரத்துணித் தெர்மாமீட்டரையும் காய்கிற தோலையும் ஒன்றாகவே நினைக்கலாம். மேலெல்லாம் ஈரமாக இருக்கும்வரை தோலும் அறையைவிடக் குளிர்ந்துதான் இருக்கும், ஆவியாகும் தண்ணீர் சூட்டை எடுத்துக்கொண்டு போவதால். புறங்கையால் தொட்டால் தெரியும். கழுத்தும் வால் அடியும் தடிப்பானவை, கடைசிவரை சில்லென்று இருக்கும். அந்த இரண்டு இடமும் விலாப் பக்கத்தின் சூட்டுக்கு வந்துவிட்டால் வேலை முடிகிறது என்று அர்த்தம். என் அம்மா கன்னத்தை வைத்துப் பார்ப்பார். எந்தக் கருவியையும்விட நான் அதை நம்புகிறேன்.

உலரும் வேகத்தில் இரண்டு கட்டம் உண்டு. முதல் கட்டத்தில் மேற்பரப்புத் தண்ணீர் போகும். அப்போது காற்று நகர்ந்தால் போதும், சூடு வேண்டாம். இரண்டாவது கட்டத்தில் தண்ணீர் உள்ளிருந்து நார்களின் ஊடாக வெளியே நடந்து வர வேண்டும். அதன் வேகத்தை நாம் பெரிதாகக் கூட்ட முடியாது. அக்டோபர் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே, மாலாவில் (மேல்தட்டில்), ஈரத்தோலைப் போடுகிறவர்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. அங்கே பகலில் 40 டிகிரிக்கு மேல். மேல்தோல் சட்டென்று இறுகி மூடிக்கொள்ளும். உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டு அழுகும். பார்க்கப் பளபளவென்று காய்ந்த தோல் மாதிரிதான் இருக்கும்; வாங்கியவர் ஊறப்போடும்போதுதான் நடுவில் இரண்டு படலமாகப் பிரியும். இன்னும் சூடு ஏறி, ஈரத்தோல் 60 டிகிரிக்கு மேல் போனால் கொலாஜனே சுருங்கிக் கோந்தாகிவிடும். அதைத் திரும்பத் தோலாக்க யாராலும் முடியாது.

அதற்காக மெதுவாகவே போகட்டும் என்று விடவும் முடியாது. மும்பையின் 28, 30 டிகிரி பாக்டீரியாவுக்குச் சொர்க்கம். முதல் 24 மணி நேரத்தில் மேற்பரப்பு நன்றாகச் சுண்ட வேண்டும். முதல் நாள் வேகம், அப்புறம் நிதானம். மழைக்காலத்து வித்தை எல்லாமே இதுதான் என்று நினைக்கிறேன்.

எங்கள் அறையில் நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். முதலில் தோலைத் தயார்படுத்தும் வேலை. சதைப்பக்கத்துச் சவ்வையும் கொழுப்பையும் சுத்தமாகச் சுரண்டி எடுக்கிறோம், ஏனென்றால் கொழுப்பு இருக்கும் இடத்தில் தண்ணீர் வெளியேறாது. அப்புறம் தலைகீழாகத் தொங்கவிட்டு, சொட்டுவது நிற்கும்வரை வடியவிடுகிறோம். ரோமத்தோல் என்றால் பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, சீப்பு போட்டு முடியைக் கலைத்துவிடுகிறோம். முடிக்கு நடுவில் நிற்கும் தண்ணீர்தான் ரோமத்தோலின் முதல் எதிரி. கையால் ஒற்றி எடுத்த தண்ணீருக்குக் கரண்ட் பில் கிடையாது என்று பெரியப்பா சொல்வார். பாதிக் கூலி இதிலேயே மிச்சம்.

அப்புறம் அறை. மழைக்காலத்தில் எங்கள் கோலியின் சுவர் ஊறும். ஆகவே சட்டங்களைச் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளித்தான் நிறுத்துவோம். தரையில் தாட்பத்ரி (தார்ப்பாய்) விரித்துவிடுவோம். சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு ஆள் திரும்பி நிற்கும் இடம். விசிறியைத் தோலைப் பார்த்து வைப்பதில்லை. சுவரைப் பார்த்து வைத்தால், மோதித் திரும்பும் காற்று எல்லாத் தோலுக்கும் சமமாகப் போகும். நேரடியாக அடித்தால் விசிறிக்கு முன்னால் இருக்கும் விலா முறுகிப்போகும், அதே தோலின் கழுத்து ஈரமாகவே நிற்கும். இழுவை சமமில்லாமல் தோல் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும்.

மழை பெய்யும்போது எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு என்ன லாபம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வெளியே 28 டிகிரியில் 88 சதவீதம் இருக்கும்போது, எவ்வளவு காற்றை மாற்றினாலும் அறை 88க்குக் கீழே இறங்காது. அதே காற்றைச் சூடாக்கினால் கதை மாறும். 33 டிகிரிக்குக் கொண்டுபோனால் அது 67 சதவீதக் காற்றாகிவிடும். தண்ணீர் அதே அளவுதான். தாங்கும் இடம் கூடுகிறது. ஐந்து டிகிரிக்கு இவ்வளவு பலன். அதனால் மெஷின் வாங்க வசதி இல்லாத காலத்தில் குண்டு பல்புகளைக் கீழே எரியவிட்டு, எக்ஸாஸ்டையும் ஓட்டி வேலை நடந்தது. இரண்டாவது கட்டத்துக்கு அது இன்றைக்கும் நல்ல வழி. முதல் நாளுக்கு மட்டும் ஆகாது. ஈரத்தோலுக்கு 33 டிகிரி கொடுத்தால் பாக்டீரியாதான் முதலில் சந்தோஷப்படும்.

பல்புக்குப் பதிலாகக் கேஸ் அடுப்பைப் பற்றவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக அறைக்குள் வரும். உலர்த்துவதற்காகப் பற்றவைத்த அடுப்பு, ஒன்றரைத் தோலின் தண்ணீரை அறைக்குள் ஊற்றுகிறது. கரி அடுப்பு இன்னும் மோசம்; சாத்திய அறையில் அதிலிருந்து வரும் நச்சுவாயு ஆளையே கொல்லும். தண்ணீர் ஊற்றும் ஏர்கூலரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இப்போது எங்களிடம் ஈரம் உறிஞ்சும் மெஷின், டீஹியூமிடிஃபையர், இருக்கிறது. குளிர்ந்த கம்பிச்சுருளில் காற்றின் ஈரம் பனித்துளியாகப் படிந்து, குழாய் வழியாக வெளியே வடியும். கனடாவின் குளிர்ந்த ஷெட்டில் இந்த வகை மெஷின் சுருளில் பனிக்கட்டி பிடித்துத் தடுமாறும். மும்பைச் சூட்டில் ராஜா மாதிரி ஓடும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெட்டியில் "ஒரு நாளைக்கு இத்தனை லிட்டர்" என்று போட்டிருப்பது பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீதம் என்ற நிலையில் அளந்தது. அறை 55, 60க்கு இறங்கியபின் அதில் பாதி வந்தாலே பெரிது. இருபது லிட்டர் மெஷினை நம்பி இருபது தோல் மாட்டக் கூடாது. பத்துத் தோல் மாட்டினால் முதல் நாள் நிம்மதியாகத் தூங்கலாம். எத்தனை தோல் வந்திருக்கிறது என்று பார்த்து மாட்டுவதைவிட, மெஷின் எத்தனை லிட்டர் எடுக்கும் என்று பார்த்து மாட்டுவதே சரி. மிச்சத் தோல் உப்பிலேயே இருக்கட்டும், வரிசை வரும்.

மெஷின் ஓடும்போது சன்னலைத் திறந்துவைப்பது, ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பது போலத்தான். முதல் நாள் எல்லாம் சாத்தி, மெஷின், சுவரைப் பார்த்த விசிறி, அவ்வளவுதான். குழாயில் வடியும் தண்ணீரை வாளியில் பிடித்து அளந்தால், தோலிலிருந்து எவ்வளவு போயிருக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். முதல் நாள் வாளி நிறையும், இரண்டாம் நாள் பாதி, அப்புறம் அடியில் கொஞ்சம். வாளி வற்றினால் இரண்டாவது கட்டம் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டு விசிறியைக் குறைத்துவிடுவோம்.

இதையெல்லாம் நான் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தோல் வேலை என்றதும் எல்லோரும் மூக்கைப் பொத்துகிறார்கள். அந்த நாற்றத்தை வைத்தே எங்கள் சனங்களைத் தள்ளிவைத்தார்கள். ஊரில் சேரியாகத் தள்ளினார்கள், இங்கே கழிமுகச் சதுப்பில் தள்ளினார்கள். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார மறுத்த பிள்ளைகள் இருந்தார்கள். சுத்தமாகச் சுரண்டி, நேரத்தில் உலர்ந்த தோல் நாறாது. எங்கள் அறைக்குள் வந்து மூச்சு இழுத்துப் பாருங்கள். லேசான ஆட்டு வாசனை, கொஞ்சம் உப்பு வாசனை, அவ்வளவுதான் இருக்கும். நாற்றம் என்பது பாக்டீரியா தோலைத் தின்னும்போது வருவது. பாக்டீரியாவுக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் போக வழி இல்லாத இடத்தில், காற்று புகாத சந்தில், வடிகால் இல்லாத மண்ணில் ஒரு தொழிலை ஒடுக்கிவைத்தால் அது நாறத்தான் செய்யும். அந்த நாற்றத்துக்குக் கணக்குக் கேட்க வேண்டியது அந்த இடத்தைக் கொடுத்தவர்களிடம். ஒரு ஹைக்ரோமீட்டரும் ஒரு வடிகுழாயும் வந்தபின் எங்கள் சந்தில் யாரும் மூக்கைப் பொத்துவதில்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபமும் வருகிறது, பெருமையும் வருகிறது.

மழையும் தோல் வரவும் ஒன்றாக மோதும் வருஷங்கள் கடினமானவை. பக்ரீத் பண்டிகைதான் ஆட்டுத்தோல் குவியும் நேரம். அது சந்திர நாட்காட்டிப்படி ஆண்டுக்குப் பத்து முதல் பன்னிரண்டு நாள் முன்னால் நகரும். 2023இல் ஜூன் 29, 2024இல் ஜூன் 17, 2025இல் ஜூன் 7. மூன்றுமே மழை வாசலில் நிற்கும் நேரம், அல்லது உள்ளே வந்துவிட்ட நேரம். 2025இல் பருவமழை மே 26ஆம் தேதியே மும்பைக்கு வந்துவிட்டது. வழக்கமான தேதி ஜூன் 11. ஒரே நாளில் தோல் மலையாக வந்து இறங்கும், காற்றில் இடமே இருக்காது. அந்த நேரத்தில் விலையும் சரியும். உப்பிடக் கை போதாமல் வீணாகும் தோல் கொஞ்சநஞ்சம் இல்லை. 2026 முதல் 2028 வரை பக்ரீத் மே மாதத்தில் வரும். மே மாத மும்பையும் புழுக்கம்தான். ஆனால் உப்பின் 75 சதவீத எல்லைக்குக் கீழே பல மணி நேரம் கிடைக்கும். பகல் பத்து மணிக்கு மேல் சன்னலைத் திறந்து, மாலை கடற்காற்று ஈரமாகும் முன் சாத்திவிட்டால் மெஷின் இல்லாமலேயே பாதி வேலை ஆகும்.

காய்ந்த தோலைச் சட்டத்திலிருந்து எடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது, இந்த ஊரில் பெரிய ஆபத்து. வெளியே 88 சதவீதக் காற்று காத்துக்கொண்டிருக்கிறது. அறையிலேயே இரண்டு நாள் ஆறவிட்டு, பருத்தித் துணியில் சுற்றி, தரையிலிருந்து உயரமான அலமாரியில், சுவரில் படாமல் அடுக்குவோம். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுவது வேண்டாம். உள்ளே கொஞ்சம் ஈரம் மிச்சம் இருந்தாலும் அது போக வழியில்லாமல் பூஞ்சணமாகிவிடும். வாங்கிப் போகிறவர்களிடமும் இதைத்தான் சொல்லி அனுப்புகிறேன். விநாயகர் சதுர்த்தி மழைக்காலத்திலேயே வருவதால், டோல்கிக்காரர்கள் அவசரத்துக்குக் கேட்பார்கள். ஆறாத தோலை நான் கொடுப்பதில்லை. எங்கள் தெருவில் பறை அடிக்கும் அண்ணன்மார் வைக்கோல் தீயில் காட்டிச் சூடேற்றுவதும் இதே கணக்குத்தான். தோல் காற்றிலிருந்து வாங்கிக்கொண்ட ஈரத்தை வெளியேற்றினால் அது இறுகும், நாதம் ஏறும். மழைநாளில் நாலு அடிக்கு ஒருதரம் தீ கேட்கும்.

தாராவியை இடித்துக் கட்டப்போகும் பேச்சு இப்போது எல்லா வீட்டிலும் நடக்கிறது. பட்டறைகளுக்கும் மாடிக் கட்டடத்தில் இடம் என்கிறார்கள். அந்த வரைபடம் போடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். தோல்காரர்களுக்குச் சதுர அடியை மட்டும் அளந்து கொடுக்காதீர்கள். எதிரெதிர்ச் சுவரில் இரண்டு திறப்பு, மேல்மாடிக் குடித்தனத்தின் சன்னலுக்கு எதிரே வராதபடி எக்ஸாஸ்டுக்கு ஒரு தனிக் குழாய், மெஷினின் தண்ணீர் வடிய ஒரு வடிகால், ஊறாத சுவர், ராத்திரி முழுக்க மெஷின் ஓடத் தாங்கும் மின்இணைப்பு. அறை பத்துக்குப் பத்தாக இருந்தாலும் இவை இருந்தால் போதும். ஆடி மாதமும் நாங்கள் வேலை பார்ப்போம்.